ரெண்டே முக்கால் கிலோ தோல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வயிற்றிலிருந்து எடுத்தது தோல். வெறும் தோல். கட்டி இல்லை, கர்ப்பப்பை இல்லை, பிள்ளையும் இல்லை. தை மாதத்திலிருந்து இதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆபீசில் சொன்னேன், தெருவில் சொன்னேன், பால்காரரிடம்கூடச் சொன்னேன். சொன்ன மறு நிமிடம், தோலையா, தோலை எதுக்குங்க எடுக்கணும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் சொல்லி அலுத்துவிட்டேன். இத்தனை பேருக்குச் சொன்ன நான், சொல்லியே தீர வேண்டிய ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. அவர் என் மாமியார். வந்த வினை அத்தனையும் அதனால் வந்ததுதான்.

எனக்கு நாற்பத்தொரு வயது. பெரம்பலூரில் வீடு, அரியலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் எது கருகினாலும் அவரிடம் வரும். கருகின செம்புக் கம்பியை வெட்டி எடுத்து, தராசில் போட்டு எடை பார்த்து, அதற்குத் தக்கபடி புதுக் கம்பி சுற்றுவார். ஒரு பொருளுக்குள்ளிருந்து எதை எடுத்தாலும் எடை பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இதைச் சும்மா சொல்லவில்லை, பின்னால் வரும்.

கல்யாணமாகிப் பதினாறு வருடம். பிள்ளை இல்லை. முதல் வருடமும் மூன்றாம் வருடமும் நாள் தள்ளிப்போனது. இரண்டு முறையும் மாமியாரிடம்தான் முதலில் சொன்னோம். திருமானூர் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊரில் இரண்டு முறையும் அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டுமே மூன்று மாதம் தாண்டவில்லை. ஊர்க்கண் பட்டுவிட்டது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான்தான் கெடுத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பிள்ளைப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. நாங்களும் திருச்சி, தஞ்சாவூர் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து ஓய்ந்து, என் முப்பத்தைந்தாவது வயதில் போதும் என்று விட்டுவிட்டோம்.

விட்டதும் உடம்பு ஏறியது. ஏற்கெனவே குண்டு, அதற்கு மேல் சர்க்கரை, மூட்டுவலி. முப்பத்தெட்டு வயதில் நூற்றுப் பதினெட்டு கிலோ. ஆபீஸ் மாடிப்படி ஏறி நாற்காலியில் உட்கார்ந்தால் மூச்சு அடங்கப் பத்து நிமிடம் ஆகும். கடைசியில் திருச்சியில் இரைப்பையைச் சின்னதாக்கும் அறுவை செய்துகொண்டேன். அதற்கு மாமியார் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. சோற்றைக் குறைத்தால் தீர்ந்தது, அதற்கு ஏன் வயிற்றை அறுக்க வேண்டும் என்று கேட்டு, இரண்டு மாதம் எங்களோடு பேசாமல் இருந்தார். பிறகு அவருக்கு யாரோ, உடம்பு இளைத்தால் சிலருக்குப் பிள்ளை நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். திருச்சி டாக்டரும் பேச்சோடு பேச்சாக அதைச் சொல்லியிருந்தார். மாமியார் மறுபடி பேச ஆரம்பித்தார். அந்த ஆசை எனக்கும் ஒரு மூலையில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒன்றரை வருடத்தில் ஐம்பத்து நாலு கிலோ இறங்கியது. சர்க்கரை மாத்திரை நின்றது, முட்டி வலி போனது. எல்லாம் நல்லதுதான். ஆனால் தோல் போகவில்லை. பெரிய தலையணை உறைக்குள் சின்னத் தலையணையைப் போட்டால் எப்படித் தொங்கும், அப்படித் தொங்கியது. அடிவயிற்றிலிருந்து தொடை வரைக்கும் மடிப்பாக, கையால் தூக்கிப் பிடிக்கிற அளவுக்கு. இப்படி ஆகும் என்று டாக்டர் முன்னாலேயே சொன்னாராம், நான் தலையாட்டினேனாம். எடை குறையும் என்கிற சந்தோஷத்தில் எது காதில் ஏறியது?

அந்தத் தோலோடு பெரம்பலூர் வெயிலில் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மடிப்புக்குள் வேர்த்து, வேர்வை புண்ணாகி, புண் ஆறுவதற்குள் அடுத்த வேர்வை. பவுடர் போட்டால் கட்டிகட்டியாக உருளும். களிம்பு போட்டால் பாவாடை முழுக்க ஒட்டும். ஒரு வாடை வேறு வரும். பக்கத்து மேஜைக்காரி மூக்கைத் தொட்டால்கூட என்னைத்தான் சொல்கிறாளோ என்று உயிர் போகும். தினமும் காலையில் குளித்துவிட்டு, தோலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மின்விசிறிக்கு எதிரில் கால் மணி நேரம் நிற்பேன். காயாமல் கிளம்பினால் அன்றைக்குப் புண் நிச்சயம். எத்தனை நாள் அதனாலேயே பஸ்ஸை விட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. நூறு கிலோவுக்கு மேல் இருந்தபோதுகூட நான் என் உடம்பைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றதில்லை.

புடவை இன்னொரு தலைவலி. மடிப்புக்குக் கீழே கட்டினால் கொசுவம் நழுவும். மேலே கட்டினால் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு ஐந்து மாதம் போலத் தெரியும். கை, கால், முகமெல்லாம் ஒட்டிப்போய், வயிறு மட்டும் இப்படி இருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அதையேதான் நினைத்தார்கள். பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒரு பெண் எழுந்து இடம் கொடுப்பாள். கண்டக்டர், அம்மாவுக்கு இடம் விடுங்கம்மா என்று அதட்டுவார். நான் வேண்டாம் என்றால் விடமாட்டார்கள். மாசமா இருக்கிறவங்க நிக்கக் கூடாது என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். அரியலூர் வரைக்கும் பஸ்ஸே எனக்கு வைத்தியம் சொல்லும். ஒருத்தி விளக்கெண்ணெய் தேய்க்கச் சொல்வாள், ஒருத்தி கொள்ளுக் கஞ்சி குடிக்கச் சொல்வாள், பின் சீட்டிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து, துணி போட்டு இறுக்கிக் கட்டுங்க அக்கா, சுருங்கிரும் என்பாள். சுருங்குவதற்கு அது என்ன கத்தரிக்காயா?

போன புரட்டாசியில் ஒரு நாள் பொறுமை போய்விட்டது. அன்றைக்குப் புண் வேறு எரிந்துகொண்டிருந்தது. பெரம்பலூரில் ஏறினேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா பக்கத்தில் இடம் இருந்தது. கண் ஆபரேஷன் செய்து, டாக்டரைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறாராம். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். வீட்டுக்காரருக்கு எந்த ஊர் என்றார். திருமானூர் பக்கம் என்றேன். எனக்கும் அந்தப் பக்கம்தான் என்று, யார் வீடு, என்ன தொழில், எத்தனை வருடம் ஆச்சு என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். நானும் ஒன்றுவிடாமல் சொல்லித் தொலைத்தேன். பதினாறு வருடம் என்றதும் அவர் கண்ணாடியைச் சற்றே இறக்கி என் வயிற்றைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, எத்தனை மாசம்மா என்றார்.

மறுபடி முதலிலிருந்து தோல் கதையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"அஞ்சு" என்றேன்.

அவ்வளவுதான். அந்த அம்மா பொங்கிவிட்டார். என் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தூசி வருது என்று ஜன்னலை இறக்கினார். சுண்ணாம்புக்கல் லாரிக்கு ஒதுங்கி பஸ் பள்ளத்தில் இறங்கியபோது, புள்ளத்தாச்சி உக்காந்திருக்கு, பாத்து ஓட்டுப்பா என்று டிரைவரைச் சத்தம் போட்டார். டிரைவரும் மெதுவாகத்தான் ஓட்டினார். நான் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. இறங்கி நடக்கும்போதுதான், இது என்ன கேவலமான வேலை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. ஆபீசில் அன்றைக்கு எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அந்த அம்மா என் மாமியார் ஊருக்கு அடுத்த ஊர். ஒரே வாரத்தில் விஷயம் மாமியார் காதுக்குப் போய்விட்டது. இது எனக்குத் தெரிய நாலு மாதம் ஆனது. ஏனென்றால் மாமியார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. மூன்றாவது முறையும் வாயால் கெடுத்துவிடக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டார்.

இந்தப் பக்கம், தோலை எடுத்தே தீருவது என்று நான் முடிவு செய்தேன். பஸ்ஸில் இன்னொரு முறை இப்படிப் பொய் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்து போகும் பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். வளவளவென்று பேசாத மனிதர். எடை நிலையாக நிற்கிறதா என்று கேட்டார், புண்ணைப் பார்த்தார், செய்யலாம் என்றார். ஆனால் ரத்தம் குறைவாக இருக்கிறது, புரதமும் போதாது, இரண்டும் ஏறினால்தான் கத்தியை வைப்பேன், இல்லாவிட்டால் காயம் ஆறாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நாற்பது வயசுக்கு மேல அழகு ஆபரேஷன் கேக்குது என்று ஒருத்தர் சொன்னதாகக் காதில் விழுந்தது. அழகாம். மடிப்பைத் தூக்கிக் காட்டியிருந்தால் அழகு தெரிந்திருக்கும்.

மாமியாரிடம் தோலைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முதல் ஆபரேஷனுக்கே இரண்டு மாதம் பேசவில்லை. இதற்கு எத்தனை மாதமோ! ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவரும் அட்சரம் பிசகாமல் அதை மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. திருமானூர் பஸ் கண்டக்டர் கையில் முருங்கைக்கீரை வரும். தவிட்டுக்குள் புதைத்து நாட்டுக்கோழி முட்டை வரும். கறுப்பு உளுந்து, எள்ளுருண்டை, சுண்டவத்தல். வாரம் ஒரு பை. நான் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிக்கொண்டு போவேன். பரவாயில்லையே, மாமியாருக்கு நம் ரத்தத்தின் மேல் இவ்வளவு அக்கறையா என்று ஆச்சரியப்பட்டேன். அந்த முட்டையையும் கீரையையும் தின்றுதான் என் ரத்தமும் புரதமும் ஏறின என்பதையும் சொல்ல வேண்டும்.

தீபாவளிக்குப் போனபோது அவர் என்னைக் குனிய விடவில்லை. குடத்தைத் தொட விடவில்லை. உச்சி வெயிலில் வெளியே போகாதே என்றார். வயிற்றைப் பார்ப்பார், நான் பார்ப்பது தெரிந்தால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோலைப் பார்த்து அருவருக்கிறார் என்று நான் நினைத்தேன். முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டேன். மனசு சுருங்கிப்போனது. கிளம்பும்போது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் புடவை இருந்தால் கொடுத்துவிடு என்று கேட்டார். தலையணை உறை தைக்கக் கேட்கிறார் என்று நினைத்து, நான் குண்டாக இருந்தபோது கட்டிய புடவை இரண்டை அடுத்த வாரமே கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன்.

மார்கழிக் கடைசியில் சர்ஜன் தேதி கொடுத்தார். வீட்டுக்காரர் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, வயித்துல ஆபரேஷன், டாக்டர் தேதி குடுத்துட்டார் என்று சொன்னார். நான் சொல்லிக் கொடுத்தபடி, சின்ன ஆபரேஷன்தான், எதையோ எடுக்கணுமாம் என்று மழுப்பவும் செய்தார். மறுநாள் மாமியாரிடமிருந்து போன். ஜோசியரைப் பார்த்தாராம். அந்தத் தேதி அஷ்டமியாம். அடுத்த நாள் நவமியாம். இரண்டு நாள் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டுமாம். நான் வீட்டுக்காரரிடம் கத்தினேன். தோலை அறுப்பதற்கு நாளும் நட்சத்திரமும் எதற்கு, உங்கள் அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று. அவர் வழக்கம்போல ஸ்குரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் சர்ஜனே வேறு வேலை வந்ததென்று இரண்டு நாள் தள்ளி வைத்தார். மாமியாருக்குப் பரம திருப்தி.

ஆபரேஷன் அன்று காலையில் சர்ஜன் என்னை நிற்க வைத்து, பேனாவால் வயிற்றில் கோடு போட்டார். இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம், அதை வேறு இடத்தில் வைத்துத் தைப்பார்களாம். மயக்க ஊசி போடுகிறவரை எனக்கு ஒரே நினைப்புதான். இனிமேல் யாரும் என்னிடம் எத்தனை மாசம் என்று கேட்க மாட்டார்கள். அதில் நிம்மதியும் இருந்தது. வேறு ஒன்றும் இருந்தது, அதை அப்போது நான் கிளற விரும்பவில்லை.

நாலு மணி நேரம் ஆனதாம். வெளியே வந்த சர்ஜனிடம் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, நான் எப்படி இருக்கிறேன் என்பது. இரண்டாவது, எடுத்தது எவ்வளவு எடை. ரெண்டே முக்கால் கிலோ என்றார் சர்ஜன். தட்டில் வைத்துக் காட்டியும் இருக்கிறார்கள். இவர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். உடனே அம்மாவுக்கு அடித்தார்.

"நல்லபடியா எடுத்துட்டாங்கம்மா. ரெண்டே முக்கா கிலோ. அவ நல்லா இருக்கா."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தான் சொல்ல வேண்டியதைச் சொன்னதும் போனை வைத்துவிடுவது அவர் பிறவிக்குணம். அதற்குள் நர்ஸ் வந்து, வராந்தாவில் போன் பேசக் கூடாது என்று திட்ட, சத்தத்தையும் அணைத்துவிட்டார். மாமியார் ஏழு முறை கூப்பிட்டிருக்கிறார். இவர் பார்க்கவே இல்லை. சாவகாசமாக எனக்குப் பழச்சாறு வாங்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை பத்தரை மணி. நான் கட்டிலில் முதுகை உயர்த்தி, முட்டிக்கு அடியில் தலையணை வைத்து, வில்லாக வளைந்து கிடந்தேன். நிமிர்ந்து படுத்தால் தையல் இழுக்கும். வயிற்றைச் சுற்றி இறுக்கமாக பெல்ட். இரண்டு பக்கமும் குழாய், அதன் முனையில் நீர் வடிந்து சேர பந்து மாதிரி இரண்டு டப்பா. தும்ம முடியாது, இரும முடியாது, கோபத்தில் கத்தக்கூட முடியாது. அந்த நேரத்தில் மாமியார் உள்ளே வந்தார். கையில் கனத்த பை. தலையில் பூ. அவர் தலையில் பூ வைத்து நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது.

என் முகத்தைத் தடவினார். பிறகு கட்டிலின் அந்தப் பக்கம் பார்த்தார். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். ஜன்னல் ஓரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டப்பாவில் வடிந்ததை அளக்க வந்த நர்ஸிடம், எடுத்தது எங்கம்மா என்று மெதுவாகக் கேட்டார்.

நர்ஸ் அவசரத்தில் இருந்தாள்.

"அத நேத்தே அனுப்பியாச்சு பாட்டி. வச்சுக்கிட்டா இருப்பாங்க?"

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பையை விடவில்லை. மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டார். அதன் வாய் திறந்து, உள்ளே சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்த துணி தெரிந்தது. என் புடவை. இரண்டு புடவையையும் ஓரம் பிரித்து, கிழித்து, துவைத்து மடித்திருந்தார். முருங்கைக்கீரையிலிருந்து அஷ்டமி வரைக்கும் எல்லாம் ஒரு நொடியில் என் மண்டையில் ஏறியது. பஸ்ஸில் நான் சொன்ன அந்த அஞ்சும், அந்தக் கறுப்புக் கண்ணாடி அம்மாவும்தான்.

எழுந்து அவரைத் தூக்க முடியவில்லை. படுத்தபடியே சொன்னேன்.

"அத்தை, அது புள்ளை இல்ல. தோலு. இளைச்சதுல தொங்குன தோலத்தான் எடுத்தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நம்பவில்லை. அதற்குள் வீட்டுக்காரர் இட்லிப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். தரையில் அம்மா, கட்டிலில் நான், இரண்டு பேரும் அழுவதைப் பார்த்து முழித்தார். படத்தைக் காட்டித் தொலையுங்கள் என்றேன். காட்டினார். மாமியார் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தள்ளி வைத்து, நெடுநேரம் பார்த்தார். தட்டு நிறைய மஞ்சளும் வெளுப்புமாகக் கிடந்தது.

"இதையா ரெண்டு வருசமா சொமந்த?"

ஆமாம் என்றேன். பஸ்ஸில் சொன்னதையும் சொன்னேன். விளக்கி விளக்கி அலுத்துப்போய்ப் பொய் சொன்னேன், அது உங்கள் வரைக்கும் வரும் என்று நினைக்கவில்லை, தப்பு என்னுடையதுதான் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து, தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். வீட்டுக்காரர் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த மனிதனின் போனைப் பிடுங்கி அடிக்க வேண்டும் போல இருந்தது. ரெண்டே முக்கா கிலோவாம், எடுத்துட்டாங்களாம். ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்தாலும் நம் ஊரில் அதைத்தானே சொல்வார்கள். தோல் என்கிற ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தால் இந்த வயதில் ஒரு மனுஷி பூ வைத்துக்கொண்டு முதல் பஸ் பிடித்து வந்திருப்பாரா? அப்புறம்தான் உறைத்தது. அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று அவர் வாயை அடைத்ததே நான்தான்.

பெல்ட்டின் ஓரம் இடுப்பில் வெட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே வலி. நான் முகம் சுளித்ததை மாமியார் பார்த்துவிட்டார். பையிலிருந்து ஒரு துணியை எடுத்தார். நாலாக மடித்தார். குழாயில் படாமல், பெல்ட்டுக்கும் இடுப்புக்கும் நடுவில் மெதுவாகச் செருகினார். சரியாக வலித்த இடத்தில் வைத்தார்.

எனக்கு அப்போதுதான் ஆத்திரம் பொங்கியது. அவர் மேலா, என் மேலா, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

"நாலு மாசமா மனசுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்தீங்களே அத்தை. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவர் துணியின் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"கேட்டா இல்லன்னு சொல்லிருவியேன்னுதான் கேக்கல ஆயி."

அன்றைக்கு அந்த பஸ்ஸில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நிஜமாவா என்று யாரும் திருப்பிக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் நானும் அரியலூர் வரை வேண்டிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

துணி மெத்தென்று இருந்தது. இந்தப் பக்கமும் ஒன்று வையுங்கள் அத்தை என்றேன். பையிலிருந்து அடுத்ததை எடுத்தார்.